கணக்கு யார் வீட்டில் இருக்கிறது?

(அரியலூர் மாவட்டம் ரெட்டிபாளையத்தில், அறக்கட்டளை, சங்கம், மகளிர் குழுப் பொறுப்பாளர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஊரில் 1990 வாக்கில் ஒரு மன்றம் பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு இருந்த அதே தெரு, அதே கட்டடம். ஆனால் அதன் லெட்டர்பேடில் மாவட்டத்தின் பெயர் எத்தனை முறை மாறியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். முதலில் திருச்சிராப்பள்ளி. 1995-இல் பெரம்பலூர். 2001 ஜனவரியில் அரியலூர். அடுத்த ஆண்டு மார்ச் முடிவில் அரியலூர் மாவட்டத்தைக் கலைத்துவிட்டார்கள், மறுபடி பெரம்பலூர். 2007 நவம்பரில் மறுபடி அரியலூர். இருந்த இடத்தை விட்டு அசையாமலே மாவட்டம் மாறிக்கொண்டிருந்த மக்கள் நாம்.

நமக்கு இது சிரிப்பு. வங்கியில் உட்கார்ந்திருப்பவருக்கும் வரி அலுவலகத்தில் கோப்பைப் புரட்டுபவருக்கும் இது சிரிப்பில்லை. பதிவுச் சான்றில் ஒரு மாவட்டம், பான் அட்டையில் இன்னொன்று, பழைய தீர்மானத்தில் வேறொன்று. "இதெல்லாம் ஒரே சங்கம்தானா?" என்று அவர் கேட்பார். நேர்மையான கேள்விதான். அதற்கு வாயால் பதில் சொல்ல முடியாது. 1990-இன் பதிவுச் சான்றும், இடையில் எழுதிய தீர்மானப் புத்தகங்களும், ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளருக்கு அனுப்பியதற்கான அத்தாட்சியும்தான் பதில் சொல்லும்.

உங்களில் பலர் என்னிடம் கேட்க வந்திருப்பது, "எத்தனை வருஷம் வைக்கணும் சார்?" என்பது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆண்டுக் கணக்குத் தவறியதால் சங்கங்கள் கெடுவது குறைவு. ஏடு எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பதில்தான் அதிகம் கெடுகின்றன. ஆகையால் முதல் கேள்விக்குக் கொஞ்ச நேரமும் இரண்டாவதற்கு மீதி நேரமும் என்று பிரித்துக்கொள்கிறேன்.

2022 ஆகஸ்ட் 10-ஆம் தேதி வருமான வரி விதிகளில் 17ஏஏ என்றொரு விதியைச் சேர்த்தார்கள். அறநிறுவனம் கணக்கு வைக்க வேண்டும் என்பது அதற்கு முன்பும் தெரிந்ததுதான். இன்னின்ன ஏடு, இத்தனை ஆண்டு என்று அறநிறுவனங்களுக்கென்று வரிவிதியில் வரிசையாக எழுதியது அப்போதுதான். வருமான வரி விலக்குக்கான 12ஏ பதிவு பெற்ற அறக்கட்டளை அல்லது சங்கத்துக்கு, விலக்கைக் கழிக்கும் முன்னுள்ள வருமானம், வரி கட்டத் தேவையில்லாத வரம்பைத் தாண்டினால் இந்த விதி பொருந்தும். ரொக்கப் புத்தகம், பேரேடு, குறிப்பேடு வேண்டும். நீங்கள் கொடுத்த ரசீதுகளின் அடிக்கட்டை வேண்டும். நீங்கள் வாங்கிய பில்லின் அசல் வேண்டும். அதோடு விட்டார்களா? ஒவ்வொரு திட்டத்துக்கும் என்ன செலவு, கார்பஸ் எனும் மூலநிதியாக வந்தது எது, அதை எங்கே முதலீடு செய்தீர்கள், யாரிடம் கடன் வாங்கினீர்கள், என்னென்ன சொத்து இருக்கிறது, நிர்வாகிகளுக்கும் அவர்களுடைய உறவினர்களுக்கும் சங்கப் பணத்தில் என்ன கொடுத்தீர்கள் என்பது வரை பதிவு கேட்கிறது அந்த விதி.

காலம் எவ்வளவு? மதிப்பீட்டு ஆண்டு முடிந்த பிறகு 10 ஆண்டு. இந்த இடத்தில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். பில்லின் தேதியிலிருந்து 10 ஆண்டு என்று எண்ணிக்கொள்கிறார்கள். 2023 ஏப்ரலில் ஒரு கூட்டத்துக்கு டீயும் வடையும் வாங்கினீர்கள். அது 2023-24 நிதியாண்டின் செலவு. அதற்குரிய மதிப்பீட்டு ஆண்டு 2024-25. அது முடிவது 2025 மார்ச் 31. அங்கிருந்துதான் பத்தை எண்ணத் தொடங்க வேண்டும். 2035 மார்ச் 31 வரை அந்த டீக்கடை ரசீது இருக்க வேண்டும். கிட்டத்தட்ட 12 ஆண்டு! இடையில் அந்த ஆண்டின் கணக்கைத் துறை மறுபடி திறந்துவிட்டால், அந்த விவகாரம் இறுதியாக முடிகிற வரை பத்தும் கிடையாது, பன்னிரண்டும் கிடையாது.

2025-இல் இயற்றிய புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்று நாள் குறித்திருக்கிறது. மதிப்பீட்டு ஆண்டு என்ற குழப்பமே அதில் இல்லை. ஆனால் பழைய ஆண்டுகளின் கணக்குக்குப் பழைய சட்டம்தான் பேசும். உங்கள் பீரோவில் இருக்கிற கட்டுகளில் பெரும்பாலானவை அந்த வகை. ஆகவே "புதுச் சட்டம் வந்துவிட்டது, பழசைக் கழித்துக் கட்டலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

வேறு எண்களும் இருக்கின்றன. கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் பதிவான தொண்டு நிறுவனம் என்றால் 8 நிதியாண்டுகளின் கணக்கு வைத்திருக்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய நாளிலிருந்து 72 மாதம். இங்கிலாந்தில் அறநிறுவனங்களுக்கு 6 ஆண்டு. ஆளுக்கொரு எண். இதற்கெல்லாம் தனித்தனிப் பட்டியல் போட்டு மண்டையை உடைத்துக்கொள்வது சின்னச் சங்கத்துக்கு வீண் வேலை. எல்லாவற்றிலும் நீளமானதை எடுத்துக்கொண்டு, வரவு செலவுக் காகிதம் எதுவானாலும் 12 ஆண்டு என்று ஒரே ஒரு தீர்மானம் போட்டுவிடுங்கள். நான்கு பீரோ அதிகமாகப் போகாது.

இன்னொரு வகைக் காகிதம் இருக்கிறது. அதற்கு எண்ணே கிடையாது. அறக்கட்டளைப் பத்திரம், சங்கத்தின் பைலா, பதிவுச் சான்று, 12ஏ, 80ஜி ஆணைகள், உறுப்பினர் பதிவேடு, தீர்மானப் புத்தகங்கள், நிலத்தின் பத்திரம், யாராவது தானமாக எழுதிக் கொடுத்த இடத்தின் தானப் பத்திரம். இவை சங்கம் இருக்கும் வரை இருக்க வேண்டும். காரணம் கேட்பீர்கள். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 10-ஆம் பிரிவைப் பாருங்கள். கடன் வழக்குக்கு மூன்று ஆண்டு, நில வழக்குக்குப் பன்னிரண்டு ஆண்டு என்று எல்லாவற்றுக்கும் கெடு வைத்த சட்டம், அறச்சொத்தைக் கையில் வைத்திருப்பவர் மீது அந்தச் சொத்தை மீட்கப் போடும் வழக்குக்கு மட்டும் கெடு வைக்கவில்லை. எத்தனை காலம் கழித்தும் கேட்கலாம். கேட்கலாம் சரி, எதைக் காட்டிக் கேட்பது?

2021 ஏப்ரல் முதல் என்ன நடந்தது என்பது இங்கே சிலருக்கு நினைவிருக்கும். ஏற்கெனவே 12ஏ பதிவு வைத்திருந்தவர்களும் புதிதாக விண்ணப்பித்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்றது சட்டம். முன்பெல்லாம் ஒரு முறை வாங்கினால் முடிந்தது. அதிலிருந்து 5 ஆண்டுக்கு ஒரு முறை என்றானது. 2025-இல் கொஞ்சம் இரங்கி, ஆண்டு வருமானம் 5 கோடிக்குள் இருக்கும் அமைப்புகளுக்கு 10 ஆண்டு என்று நீட்டினார்கள். 2021-இன் அந்த விண்ணப்பத்தோடு பத்திரத்தைக் கேட்டார்கள், பழைய ஆணையைக் கேட்டார்கள். மாநிலம் முழுக்க எத்தனையோ செயலாளர்கள் அப்போதுதான், முப்பது நாற்பது ஆண்டுக்குப் பிறகு, முதல் முறையாகத் தங்கள் அறக்கட்டளைப் பத்திரத்தைத் தேடினார்கள். பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால் நகல் மனு போட்டு எடுக்கலாம். பதிவே செய்யாத பத்திரம் என்றால் தலையில் கைவைத்து உட்கார வேண்டியதுதான்.

இனி நான் வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பக்கத்தில் சங்கத்தின் கணக்கு சங்கத்தில் இருப்பதில்லை. தலைவர் வீட்டு பீரோவில் இருக்கிறது, அல்லது பொருளாளர் கடையில் கல்லாப் பெட்டிக்குக் கீழே இருக்கிறது. தீர்மானப் புத்தகம் செயலாளரின் ஸ்கூட்டர் டிக்கியில் பயணம் செய்கிறது. இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கட்டடம் ஒழுகும், பூட்டு சரியில்லை, வீட்டில் பத்திரமாக இருக்கும் என்றுதான் எடுத்துப் போகிறார்கள். சிக்கல் தேர்தல் அன்றைக்கு வரும். தோற்றவர் வீட்டில் ஏடு இருக்கும். "கணக்கைச் சரிபார்த்துட்டுத் தர்றேன்" என்பார். ஆறு மாதம் போகும். இரண்டு தரப்பும் தனித்தனியாகப் பொதுக்குழு கூட்டும். இரண்டு தரப்பும் நிர்வாகிகள் மாற்றத்துக்குப் படிவம் 7 கொண்டுபோய் மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்கும். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 36-ஆம் பிரிவின்படி அவர் விசாரிக்கலாம். ஏடுகளைக் கொண்டு வா என்பார். ஆனால் யார் உண்மையான நிர்வாகி என்ற சண்டை முற்றிவிட்டால் அது சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போகும். அங்கே யாரிடம் மினிட் புத்தகம் இருக்கிறதோ அவர் கை ஓங்கும். அவர் பக்கம் நியாயம் இருக்கிறதா என்பது பின்னால் தெரியவரும், பல ஆண்டு கழித்து.

17ஏஏ விதி இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறது. ஏடுகள் பதிவு அலுவலகத்தில் இருக்க வேண்டும். வேறிடத்தில் வைக்க வேண்டுமானால் நிர்வாகக் குழு தீர்மானம் போட வேண்டும். அந்த இடத்தின் முழு முகவரியை ஏழு நாளுக்குள் மதிப்பீட்டு அதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வரிக்காக எழுதிய விதிதான். ஆனால் வரியே கட்டாத சங்கமும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தலைவர் வீட்டில் வைப்பதில் தவறில்லை. தீர்மானம் போட்டு வையுங்கள். இன்ன ஏடு, இத்தனை பக்கம், இன்னார் வீட்டில், இன்ன தேதி முதல் என்று எழுதிவிட்டால் அது சங்கத்தின் ஏடாகவே இருக்கும். எழுதாமல் எடுத்துப் போனால் கொஞ்ச நாளில் அவருடையதாகிவிடும்.

கிராம நிர்வாக அலுவலர் மாறுதலாகும்போது பாருங்கள். வருகிறவரும் போகிறவரும் உட்கார்ந்து, இன்ன கணக்கு, இன்ன பதிவேடு என்று பட்டியல் போட்டு, இருவரும் கையெழுத்து வைத்த பிறகுதான் பொறுப்பு மாறும். அரசாங்கத்திடமிருந்து சங்கங்கள் காப்பியடிக்க வேண்டியது அதிகம் இல்லை. இது ஒன்று உண்டு.

அதைவிட நல்ல முன்மாதிரி இங்கேயே, இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. மகளிர் சுயஉதவிக் குழுக்களைச் சொல்கிறேன். தவறாமல் கூட்டம், தவறாமல் சேமிப்பு, உள்கடன், தவணை தவறாத திருப்பம், அன்றன்றைக்கு எழுதிய ஏடு என்று ஐந்து கட்டளை அவர்களுக்கு. ஐந்தாவதைப் பாருங்கள். பெரிய அறக்கட்டளைகளில் மார்ச் மாதம் ஆடிட்டர் போன் செய்த பிறகு வவுச்சர் எழுதுகிறார்கள். இந்தப் பெண்கள் கூட்டம் கலையும் முன்பு எழுதுகிறார்கள். எழுதியதை எல்லோருக்கும் கேட்கப் படித்துக் காட்டுகிறார்கள். பன்னிரண்டு பேர் காதில் விழுந்த கணக்கை ஒருவர் வீட்டில் ஒளித்து வைக்க முடியாது. ஏடு தொலைந்தாலும் அதில் என்ன இருந்தது என்று சொல்லப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள்.

சரி, ஏடு சரியான இடத்தில் இருக்கிறது. எழுத்து இருக்குமா?

கங்கைகொண்ட சோழபுரம் நம் மாவட்டம். அங்கே போனவர்கள் சுற்றுமதில் பெரும்பகுதி இல்லாததைப் பார்த்திருப்பீர்கள். 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டினார்கள். அதற்குக் கல் வேண்டியிருந்தது. கோயில் மதிலைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். சோழர் கோயில் என்றாலே சுவரெல்லாம் கணக்குதான்: யார் எவ்வளவு நிலம் கொடுத்தார், எத்தனை ஆடு விட்டார், அதில் எத்தனை விளக்கு எரிய வேண்டும், நெய் எவ்வளவு. ஒவ்வொன்றும் ஒரு நன்கொடைப் பதிவு. சந்திரனும் சூரியனும் உள்ள வரை செல்லும் என்று காலமும் குறித்திருப்பார்கள். கல்லில் வெட்டியதே அணைக்கு அடியில் போகும் என்றால், நம்முடைய நாற்பது பக்க நோட்டு எம்மாத்திரம்? அந்த மதிலோடு எவ்வளவு எழுத்து போனது என்று இனி எண்ண வழியில்லை.

அதற்கு எண்ணூறு ஆண்டுக்கும் முன்பு, கண்டராதித்த சோழரின் தேவியார் செம்பியன் மாதேவி, காவிரிக் கரைக் கோயில்களைச் செங்கல்லிலிருந்து கற்றளியாக மாற்றிக் கட்டிவந்தார். திருக்கோடிக்காவலில் வேலை தொடங்கியபோது பழைய கற்களில் முந்தைய அரசர்கள் காலத்து அறக்கட்டளைகள் வெட்டப்பட்டிருந்தன. அவற்றைப் படியெடுத்து, புதிய சுவரில் மறுபடி வெட்ட வைத்தார். பழைய கல்லைப் பார்த்து எடுத்த படி இது என்று அங்கேயே குறிப்பும் இருக்கிறது. எனக்கு இதுதான் வியப்பு. அசலைப் போல நடிக்கவில்லை. நகலை நகல் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கு "அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது" என்று முத்திரை குத்துகிறோமே, அந்த வேலை. நன்கொடை கொடுத்தவர் இறந்து தலைமுறைகள் போயிருந்தாலும், கட்டடத்தை மாற்றும்போது கணக்கை முதலில் எடுத்து வைத்த நிர்வாகி அவர்.

நாம் மாற்ற வேண்டிய கற்களும் இருக்கின்றன. பெட்ரோல் பங்க்கில், ஓட்டலில், மருந்துக் கடையில் இப்போது கொடுக்கும் பில்லைப் பாருங்கள். வழவழவென்ற தாள், மையே கிடையாது, சூட்டில் கறுக்கும் தாள். அரியலூர் வெயிலில் ஒரு கோடை தாங்காது. 12 ஆண்டு வைக்க வேண்டிய பில் ஓராண்டில் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய வாரமே ஜெராக்ஸ் எடுத்து, அதன் மேல் தேதி போட்டுக் கையெழுத்து வைத்து, அசலோடு சேர்த்துப் பின் அடியுங்கள். ரப்பர் பேண்ட் வேண்டாம். உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். நூல் கட்டு போதும். தரையில் வைக்காதீர்கள், சுவரை ஒட்டி வைக்காதீர்கள். கரையானுக்கு இரண்டும் ராஜபாட்டை.

கம்ப்யூட்டரில் வைக்கலாமா என்று கேட்பீர்கள். வைக்கலாம். 17ஏஏ விதியே எழுத்து வடிவம், மின்னணு வடிவம் இரண்டையும் ஏற்கிறது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 7-ஆம் பிரிவு மூன்று நிபந்தனை வைக்கிறது: பின்னால் எடுத்துப் பார்க்க முடிய வேண்டும், உருவான வடிவம் சிதையக் கூடாது, எங்கிருந்து எப்போது வந்தது என்பது தெரிய வேண்டும். நம் வாட்ஸ்அப் குழுவில் போடும் பில் போட்டோ இதில் தேறுவது கடினம். போட்டதும் படம் சுருங்கிவிடும்; போன் உடைந்தால் போய்விடும்; நடுவில் நானூறு காலை வணக்கம் கிடக்கும். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டம், பாரதிய சாக்ஷ்ய அதிநியம், 63-ஆம் பிரிவில் மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் காட்டச் சான்றிதழ் கேட்கிறது. எந்தக் கருவி, யார் பொறுப்பில் இருந்தது என்று கையெழுத்துப் போட வேண்டும். டாலி மென்பொருளில் கணக்கு வைப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை பேக்கப்பை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். பென் டிரைவில் இருக்கிறது என்பதும் பென் டிரைவ் திறக்கிறது என்பதும் வேறு வேறு.

இந்த ஊரில் பேசிக்கொண்டு சுண்ணாம்புக்கல்லைத் தொடாமல் போக முடியாது. இங்கே அல்ட்ராடெக் சிமென்ட் ஆலை. சுற்றுவட்டாரத்தில் ராம்கோ, டால்மியா, செட்டிநாடு, அரசின் டான்செம். 2014 ஏப்ரல் முதல் பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்கு (சிஎஸ்ஆர்) செலவிட வேண்டும் என்று கம்பெனிச் சட்டம் சொல்கிறது. அந்தப் பணத்தில் வேலை செய்யும் அறக்கட்டளை, 2021 ஏப்ரலிலிருந்து சிஎஸ்ஆர்-1 படிவம் கொடுத்துப் பதிவு பெற வேண்டும். பணம் கொடுத்தவர் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்பார். கொடுத்துவிட்டு வேலை முடிந்ததென்று இருப்போம். முடியவில்லை. ஆண்டுக்கு 10 கோடியும் அதற்கு மேலும் செலவிட வேண்டிய நிறுவனம், ஒரு கோடியும் அதற்கு மேலும் போட்ட திட்டங்களுக்கு, திட்டம் முடிந்து ஓராண்டாவது கழித்து, வெளி ஆளை வைத்துத் தாக்கத்தை மதிப்பிட வேண்டும். அவர் வந்து, தையல் பயிற்சிக்கு வந்தவர்களின் வருகைப் பதிவேட்டைக் கேட்பார். பயிற்சி கொடுத்த ஆசிரியை வேறு வேலைக்குப் போயிருப்பார். பதிவேடு அவர் பையில் போயிருக்கும்.

இன்னொன்று, நம்மில் பலருக்கு அதுவும் இலாப நோக்கமற்ற அமைப்பு என்று தோன்றாத ஒன்று. மாவட்டக் கனிம அறக்கட்டளை. 2015-இல் கனிமச் சட்டத்தில் 9பி என்ற பிரிவைச் சேர்த்து, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில், அந்த மக்களுக்காக இலாப நோக்கமற்ற அறக்கட்டளை அமைக்கச் சொன்னார்கள். 2015 ஜனவரி 12-க்கு முன் கொடுத்த குத்தகை என்றால் ராயல்டிக்கு மேல், அதன் 30 விழுக்காடு அறக்கட்டளைக்குப் போகிறது. ஏலத்தில் எடுத்த குத்தகை என்றால் 10 விழுக்காடு. சாதாரணச் சுண்ணாம்புக்கல்லுக்கு 2014-இல் நிர்ணயித்த ராயல்டி டன்னுக்கு 80 ரூபாய். பழைய குத்தகைக்குக் கணக்குப் போட்டால் டன்னுக்கு 24 ரூபாய். உங்கள் ஊர் வழியாகப் புழுதி கிளப்பிக்கொண்டு போகும் ஒவ்வொரு லாரியிலும் எத்தனை டன் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பணம் எந்த ஊரில் எந்தத் தண்ணீர்த் தொட்டியானது என்ற பதிவு இருக்க வேண்டும், அதைக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது.

அந்த உரிமை நம் பக்கமும் திரும்பும். 2019 செப்டம்பரில் டிஏவி கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: அரசுப் பணத்தில் கணிசமாக நடக்கும் தொண்டு நிறுவனமும் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது. மானியத்தில் விடுதி நடத்துகிறவர்கள் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

பணம் தருகிறவர் பற்றி ஒரு சொல். வசூல் நோட்டில் "பெயர் சொல்ல விரும்பாத அன்பர் 500" என்று எழுதுவது நமக்குப் பழக்கம். அதில் ஒரு அடக்கம் இருக்கிறது, நான் மதிக்கிறேன். வரிச்சட்டம் மதிப்பதில்லை. பெயரும் முகவரியும் இல்லாத நன்கொடை, மொத்த நன்கொடையில் 5 விழுக்காடு அல்லது ஒரு லட்சம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டியதற்கு 30 விழுக்காடு வரி. முழுக்க முழுக்கச் சமயப் பணிக்கான அமைப்புக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் அன்பரின் பெயரை ஏட்டில் எழுதிக்கொண்டு, மேடையில் சொல்லாமல் விடுங்கள்.

வைப்பதைப் பற்றியே பேசிவிட்டேன். கழிப்பதும் பதிவுப் பாதுகாப்பில் பாதி. அமெரிக்காவில் என்ரான் கம்பெனி 2001-இல் விழுந்தபோது, அதன் தணிக்கை நிறுவனமான ஆர்தர் ஆண்டர்சன் ஆவணங்களைக் கிழித்துத் தள்ளியது. 2002-இல் தண்டனை, 2005-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அதற்குள் நிறுவனமே இல்லை. என்ரான் வீழ்ச்சியை அடுத்து 2002-இலேயே வந்த சட்டத்தில், விசாரணையைக் கெடுக்க ஆவணத்தை அழிப்பது 20 ஆண்டு வரை சிறை தரும் குற்றம். தொண்டு நிறுவனங்களுக்கும் சேர்த்துத்தான். அங்கே அறநிறுவனங்கள் ஆண்டுதோறும் கொடுக்கும் வரிப் படிவத்தில், ஆவணங்களை எவ்வளவு காலம் வைப்பது, எப்போது அழிப்பது என்று எழுதிய கொள்கை உண்டா என்றே ஒரு கேள்வி இருக்கிறது. நம் ஊரில் அந்தக் கேள்வி இல்லை. கேட்காவிட்டாலும் எழுதி வையுங்கள், ஒரு பக்கம் போதும். எந்த ஆண்டுக் கட்டு, எந்தத் தீர்மானத்தின்படி, யார் முன்னிலையில், எப்படி அழிக்கப்பட்டது என்று ஒரு பதிவேடு. வழக்கோ விசாரணையோ நோட்டீஸோ நடப்பில் இருந்தால் ஒரு தாளையும் தொடக் கூடாது.

பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடாதீர்கள். கண் சிகிச்சை முகாமுக்கு வந்தவர்களின் ஆதார் நகல், செல் நம்பர், சர்க்கரை அளவு எல்லாம் அந்தக் கட்டில் இருக்கும். அதில் பஜ்ஜி மடித்துக் கொடுத்தால், பக்கத்து வீட்டுக்காரர் சர்க்கரை எண்ணெயோடு தெரிந்துவிடும். கேலிக்குச் சொல்லவில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது; அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடப்புக்கு வருகின்றன. வாங்கிய வேலை முடிந்ததும் தனிநபர் விவரத்தை அழிக்க வேண்டும். வேறு சட்டம் வைக்கச் சொன்னால் மட்டும் வைக்கலாம் என்கிறது அது. வரவு செலவுக்கு 12 ஆண்டு என்றேன். ஆதார் நகலுக்கு அந்த 12 ஆண்டைக் கொடுக்காதீர்கள். உதவி பெற்றவரின் பெயர், ஊர், கையெழுத்து, தொகை ஏட்டில் இருக்கட்டும். அடையாள அட்டையைப் பார்த்தோம் என்று ஒரு குறிப்பு இருக்கட்டும். எதற்கெடுத்தாலும் இரண்டு ஜெராக்ஸ் கேட்கும் பழக்கத்தை முதலில் விடுங்கள். ஏழைகளின் காகிதத்தை மூட்டை மூட்டையாகச் சேர்ப்பதில் நம் சங்கங்களுக்கு ஒரு அதிகார ஆசை இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம்.

கடைசியாக, ஒரு நண்பர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். "சங்கத்தைக் கலைத்துவிட்டால் பழைய கணக்கை என்ன செய்வது?" என்று. நல்ல கேள்வி, யாரும் கேட்காதது. சங்கத்தைக் கலைத்தால் மிச்சமுள்ள சொத்து உறுப்பினர்களுக்குப் பங்கு பிரியாது. அதே நோக்கமுள்ள வேறொரு அமைப்புக்குப் போக வேண்டும். கணக்கின் ஆண்டு மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். கலைப்பதற்கு முந்தைய ஆண்டைப் பற்றி நோட்டீஸ் பின்னால் வரலாம். ஆகவே கலைக்கும் தீர்மானத்திலேயே, ஏடுகளை இன்னார் இன்ன முகவரியில் இன்ன தேதி வரை வைத்திருப்பார் என்று ஒரு வரி சேருங்கள். சொத்தைப் பெறும் அமைப்பே ஏடுகளையும் பெற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. நிலத்தின் பத்திரத்தை எப்படியும் அவர்களிடம்தானே கொடுக்கப் போகிறீர்கள், கட்டுகளையும் பட்டியல் போட்டு, இரு தரப்பும் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பட்டியலின் ஒரு நகலை மாவட்டப் பதிவாளருக்குக் கலைப்புத் தீர்மானத்தோடு அனுப்புங்கள். வேறு கேள்விகள் இருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்வோம்.